ஐந்தரை சென்ட் மனையை அளக்க என்ன செலவாகும்? தனியார் அளவைச் சேவை ஒன்றைப் பற்றி ஒரு தணிக்கைக்காரியின் குறிப்பு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 60க்கு 40 அடி மனை, ஐந்தரை சென்ட், நான்கு மூலைகள். அளந்து, கல் நட்டு, வரைபடம் வாங்கியதற்கு மொத்தம் 13,600 ரூபாய் ஆனது. பேசிய கூலி 9,500. மீதி எங்கிருந்து முளைத்தது என்பதைப் பின்னால் வரிவரியாகச் சொல்கிறேன். சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது அளந்த வேலைக்காக இல்லை. வேலை முடிந்த பிறகு காகிதம் வந்த லட்சணத்துக்காக.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரசீது இல்லாத செலவைக் கண்டால் கை தானாகச் சிவப்பு மசியைத் தேடும். ஆகவே இதைப் படிப்பவர்கள் என் கணக்குப் பார்க்கும் புத்தியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மனை இருப்பது திருச்சியில், திருவெறும்பூர் தாண்டி நவல்பட்டுப் பக்கம். 1994இல் இரண்டேகால் ஏக்கர் புன்செய் நிலம் ஒன்றை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். பெல் நிறுவனத்திலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள் தவணை கட்டி வாங்கினார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் வாங்கினார். பஞ்சாயத்து அனுமதி என்று சொல்லி விற்கப்பட்ட மனைப்பிரிவு அது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் கிடையாது. 2017இல் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தபோது, 2016 அக்டோபர் 20க்கு முன்பே பதிவான மனை என்ற தகுதியில் பணம் கட்டி வரன்முறை செய்துகொண்டோம். பட்டா மட்டும் பழைய சர்வே எண்ணில், பலர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. இந்தப் பூர்வீகமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அளக்கிற கூலி இங்கேதான் தொடங்குகிறது.

சுற்றுச்சுவர் எடுக்கலாம் என்று முடிவானதும் விசாரித்தேன். ஒருவர் தொலைபேசியிலேயே, மனை எங்கே இருக்கிறது என்றுகூடச் சரியாகக் கேட்காமல், 4,000 என்றார். இன்னொருவர் செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் கணிக்கும் டி.ஜி.பி.எஸ். கருவி, வண்ண வரைபடம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் சேர்த்து 22,000 என்றார். நான் கடைசியில் அமர்த்திக்கொண்டது இரண்டு பேர் நடத்தும் சிறு நிறுவனம். அவர்கள் விலை சொல்லவே மறுத்தார்கள். “பத்திர நகல், கூட்டுப் பட்டா, மனைப்பிரிவு வரைபடம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் அம்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார் அந்த இருவரில் ஒருவரான தம்பி. மறுநாள் 9,500 என்று பதில் வந்தது. அதற்குக் கீழே எதெல்லாம் இதில் சேராது என்றும் எழுதியிருந்தார்: புதர் வெட்டும் கூலி, கல்லின் விலை, உரிமையாளர் காரணமாக மறுபடி வர நேர்ந்தால் அதற்கான படி. விலையைவிட அந்தச் சேராத பட்டியல்தான் எனக்குப் பிடித்தது. நான் தணிக்கை செய்த எத்தனையோ ஒப்பந்தங்களில் அந்தப் பட்டியல் இருந்ததே இல்லை.

மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எந்த இடத்திலிருந்து டேப்பைப் பிடிப்பீர்கள்? நாலாயிரக்காரர் தயங்கவே இல்லை. பக்கத்து மனைச் சுவரிலிருந்து 40 அடி பிடித்தால் முடிந்தது என்றார். பக்கத்துச் சுவர் சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று யார் சொன்னது? அவர் சுவரும் அவருக்கு முந்தியவர் சுவரிலிருந்து பிடித்த அளவாக இருந்தால், முதல் வீட்டுக்காரர் தெரு முனையில் அரை அடி தள்ளிக் கட்டியது ஒவ்வொரு மனையாக நகர்ந்து கடைசி மனைக்காரர் தலையில் விடியும். அப்படி அளப்பதற்கு நாலாயிரமும் வேண்டாம்; கொத்தனாரே அளந்துவிடுவார்.

நான் அமர்த்திய தம்பியின் பதில் வேறு. உங்கள் மனை அரசாங்கப் புலப்படத்தில் இல்லவே இல்லை அம்மா என்றார். உட்பிரிவு செய்யாத மனை என்பதால் எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படத்தில் தெரிவது பழைய இரண்டேகால் ஏக்கர்தான். எனவே முதலில் அந்தத் தாய்ப்புலத்தின் எல்லையைத் தரையில் நிறுத்த வேண்டும். பிறகு மனைப்பிரிவு வரைபடத்தில் உள்ள சாலைகளை அதற்குள் பொருத்த வேண்டும். அதற்கும் பிறகுதான் என் மனைக்கு வர முடியும். ஐந்தரை சென்ட்டுக்குக் கூலி கொடுப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடப்பது இரண்டேகால் ஏக்கர் வேலை. இதே மனை அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில், தனிப் பட்டாவும் உட்பிரிவு எண்ணும் கொண்டதாக இருந்திருந்தால் 5,000, 6,000 ரூபாயில் முடித்திருப்பேன் என்றார். பரப்பு மாறவில்லை, இடம் மாறவில்லை; காகிதம் ஒன்று குறைந்ததற்கு விலை மூவாயிரத்துக்கு மேல்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று யாராவது அளவைக்கு விலை சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிரவுண்டு மனைக்கும் இரண்டு கிரவுண்டு மனைக்கும் மூலைகள் நான்குதான். கருவியை நிறுத்திப் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் கால் மணி நேரம்கூட இருக்காது. நேரத்தைத் தின்பது நம்பகமான பழைய கல்லைத் தேடுவதுதான். மனைக்கு அருகிலேயே நல்ல சர்வே கல் கிடைத்தால் வேலை மலிவு. கல் சாலைக்கு அடியில் போயிருந்தாலோ, யாரோ பிடுங்கி வாசலில் துணி துவைக்கப் போட்டிருந்தாலோ, அடுத்த புலத்துக்குப் போய்த் தேட வேண்டும். கிராம நத்தத்தில் உள்ள பழைய வீட்டு மனைகளுக்கு வேறு தொல்லை: மூலைக்கு மூலை வளைவு, முடுக்கு, பங்குச் சுவர். நான்குக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் எடுக்க வேண்டி வரும்; கூலியும் அதற்கேற்றபடி ஏறும்.

எங்கள் புலத்தில் கல் தேடிய காட்சியை நான் கூடவே நின்று பார்த்தேன். தெற்கே வாய்க்கால் புறம்போக்கு. அதன் கரையில் மூன்று புலங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு முச்சந்திக் கல் இருக்க வேண்டும். தம்பி புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த வேறொரு கல்லிலிருந்து தூரத்தைப் பிடித்து, சீமைக் கருவேல முள்ளுக்குள் ஓர் இடத்தைக் காட்டி இங்கே தோண்டு என்றார் உதவியாளிடம். கடப்பாரை முக்கால் அடி இறங்கியதும் டணார் என்றது. மண்ணைக் கையால் தள்ளினால் கருங்கல்லின் தலையும் அதில் வெட்டிய குறியும் தெரிந்தன. எனக்குச் சிலிர்த்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. “கல் கிடைத்தது சரி, இது நட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, கருவியை முக்காலியில் ஏற்றி, இரண்டு கற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை எடுத்தார். புலப்படத்தில் 112.4 மீட்டர். கருவி காட்டியது 112.31. ஒன்பது சென்டிமீட்டர் குறைவு. அதோடும் நிற்கவில்லை, சாலையோரம் பாதி புதைந்து கிடந்த மூன்றாவது கல்லுக்கும் தூரம் எடுத்து, அதுவும் ஒத்து வந்த பிறகுதான் பையைத் திறந்து தேநீர் குடித்தார். கூலி எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு நான் அந்த மூன்றாவது கல்லைக் காட்டுவேன். நாலாயிரக்காரர் முதல் கல்லுக்கே வந்திருக்க மாட்டார்.

ஒன்பது சென்டிமீட்டரைப் பிழை என்று நினைத்து நான் புருவத்தை உயர்த்தினேன். அவர் விளக்கியது நியாயமாகப்பட்டது. புலப்படங்கள் சங்கிலி பிடித்து, செங்கோணம் பார்க்கும் கோணக்கட்டை வைத்து எடுத்த அளவுகள். மெட்ரிக் சங்கிலியின் ஒரு கண்ணியே 20 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய கண்டர் சங்கிலி 66 அடி, நூறு கண்ணிகள், கண்ணிக்கு 7.92 அங்குலம். அப்படி எழுதிய ஏட்டை இன்றைய கருவியோடு ஒப்பிட்டால் ஒன்பது சென்டிமீட்டரில் ஒத்து வருவதே பெரிய காரியம்.

22,000 ரூபாய்க்காரரை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. டி.ஜி.பி.எஸ். கருவி ஒரு புள்ளி பூமியில் எங்கே இருக்கிறது என்று ஓரிரு சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். மறுக்கவில்லை. ஆனால் நம் பழைய புலப்படத்தில் அட்சரேகையும் கிடையாது, தீர்க்கரேகையும் கிடையாது. கல்லுக்குக் கல் தூரம்தான் இருக்கிறது. துல்லியமான கருவியையும் கடைசியில் அதே முச்சந்திக் கல்லின் மேல்தான் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஐம்பது ஏக்கர் தோப்பு, கல் ஒன்றுமே மிஞ்சாத கரிசல்காடு, பெரிய மனைப்பிரிவு என்றால் அந்தக் கருவி காசுக்குத் தகும். அடுத்தடுத்து வீடும் மரமும் வானத்தை மறைக்கிற இடத்தில் ஒற்றை மனைக்குத் தம்பி முக்காலியில் ஏற்றிய டோட்டல் ஸ்டேஷன், அதாவது தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் கருவி, போதும். கைபேசிச் செயலியில் மனையைச் சுற்றி நடந்து பரப்பைக் காட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்; கைபேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும், மனையின் அகலமே 12 மீட்டர்தான்.

கருவியின் வாடகையும் கூலிக்குள் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டோட்டல் ஸ்டேஷன் சில லட்ச ரூபாய்ப் பொருள். சொந்தமாக வைத்திருப்பவர்கள் குறைவு. பலர் நாள் வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். அதனால் அரை நாள் வேலைக்கும் ஒரு நாள் வாடகை நம் தலையில் ஏறும். உதவியாள் அதை முக்காலியோடு தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் இறங்கியபோது எனக்கு 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது நினைவுக்கு வந்தது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த ஆங்கிலேய அளவர் லாம்டன், கோணம் அளக்கும் தம் பெரிய தியோடலைட்டை அங்கே மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கட்டடத்தில் மோதிச் சேதமானது. அளக்க வந்த தம்பியிடம் அதைச் சொன்னேன். “எனக்கு அப்படி ஆனால் கடைக்காரர் என் வண்டியை எடுத்துக்கொள்வார் அம்மா” என்றார்.

இனி என் மனை. பத்திரத்தில் கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி. நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் வடக்கே 23 அடிச் சாலை, தெற்கே வாய்க்கால், கிழக்கும் மேற்கும் அடுத்தவர் மனைகள். எல்லாப் பத்திரங்களையும் போல இதிலும் மூலைவிட்டத்தின் அளவு கிடையாது. நான்கு பக்கமும் சரியாக இருந்தால் மனை சரி என்று நாம் நினைக்கிறோம். பக்கங்கள் 60, 40 என்றே இருக்க, மனை சற்றுச் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மூலைவிட்டம் 74 அடியாக நீண்டு மற்றது 70 அடிச் சொச்சமாகச் சுருங்கினாலும், பரப்பு குறைவது நான்கு சதுர அடிதான். 2,400 என்பது 2,396 ஆகும். ஆனால் பின்மூலை ஏறக்குறைய மூன்றரை அடி நகர்ந்திருக்கும். பரப்பை மட்டும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நேரான மூலைகள் கொண்ட மனைக்கு மூலைவிட்டம் 72 அடி 1 அங்குலம் வர வேண்டும். என் மனையின் வடமேற்கு மூலையிலிருந்து, கிழக்குப் பக்கத்துக்காரரின் சுவர் முடியும் தென்கிழக்கு மூலைக்கு டேப்பைப் பிடித்தால் 71 அடி 9½ அங்குலம். பின்பக்க அகலம் 40 அடிக்குப் பதில் 39 அடி 5 அங்குலம். முன்பக்கம் சரியாகத் தொடங்கிய சுவர் பின்னால் போகப் போக என் பக்கம் சாய்ந்து, வாய்க்கால் ஓரத்தில் ஏழு அங்குலம் உள்ளே வந்திருக்கிறது.

நீளமான முக்கோணம். பரப்பு பதினேழரை சதுர அடி. சதுர அடி 1,500 என்று வைத்தால் 26,250 ரூபாய். சுவர்க்காரர் நல்ல மனிதர், பெல் நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர். அவர் மறைத்துக் கட்டியதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு அளந்து கொடுத்தவர் டேப் பிடித்த லட்சணம். ஆனாலும் விஷயத்தை எடுத்துச் சொல்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். தம்பி அங்கேதான் தம் சம்பளத்துக்கு மேல் வேலை செய்தார். நேராக அவரிடம் போய் உங்கள் சுவர் தப்பு என்று சொல்லவில்லை. அவரை அழைத்து வந்து முச்சந்திக் கல்லைக் காட்டினார், புலப்படத்தைக் காட்டினார், டேப்பின் மறுமுனையை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னார். தாமே படித்துச் சொன்ன எண்ணை அவர் எப்படி மறுப்பார்? “சுவரை இப்போது இடிக்கச் சொல்லாதீர்கள் அம்மா, மறுபடி கட்டும்போது உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்கிறேன்” என்றார். கோடு இதுதான், சுவர் இங்கே இருக்கிறது என்று இரண்டையும் வரைபடத்தில் குறித்து, அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். வழக்கு என்று போயிருந்தால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும், அவரோடு ஓர் அளவர் வருவார், இருவருக்கும் கட்டணம், நம் வழக்கறிஞருக்குத் தனிக் கட்டணம். அந்தக் கணக்கில் பதினேழரை சதுர அடி எந்த மூலைக்கு?

இனி ரசீது. புதர் வெட்ட இரண்டு ஆள் கூலி 1,200. இதை நானே முன்கூட்டி உள்ளூர் ஆளை வைத்துச் செய்திருந்தாலும் இதே தொகைதான் ஆகியிருக்கும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கல் நான்கு, ஒன்று 350 வீதம் 1,400. சிமென்ட் கலவையில் நட்டு, தலையில் சிவப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். சிலர் இரும்புக் கம்பியை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சுவர் எடுக்க அஸ்திவார வானம் தோண்டும் நாளில் அது முதல் மண்வெட்டியோடு போய்விடும். மறுபடி வந்ததற்கு 1,500. வந்த காரணம் என் பக்கம்தான்: கிழக்குப் பக்கத்துக்காரர் முதல் நாள் ஊரில் இல்லை, அவர் எதிரில்தான் கல் நட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அந்த 1,500ஐ நான் மனமார எழுதுகிறேன். அண்டை வீட்டார் இல்லாமல் நட்ட கல்லுக்கு ஆயுள் குறைவு.

ஆக 9,500, 1,200, 1,400, 1,500; மொத்தம் 13,600. ரசீதின் கடைசியில் “இதர செலவு 800” என்று ஒரு வரி இருந்தது. இதர என்றால் என்ன என்று கேட்டேன். பெட்ரோல் என்றார், திருவெறும்பூரிலிருந்து வர அவ்வளவு ஆகாது என்றேன். தேநீர், சுண்ணாம்புத் தூள், முளைக்குச்சி என்று அடுக்கினார். தேநீர் என் வீட்டிலிருந்து போனது. அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.

மதிப்பெண் குறைந்த இடம் வரைபடம். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னது இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. வந்த முதல் நகலில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. வடக்குக் குறி கிழக்கைக் காட்டியது. அளவுகள் எல்லாம் மீட்டரில் மட்டும் இருந்தன. பத்திரம் அடியில் இருக்கிறது, பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் (ஓர் ஏர் நூறு சதுர மீட்டர்), கொத்தனாருக்கோ அடியும் அங்குலமும்தான் தெரியும். 18.29 என்பது 60 அடி, 12.19 என்பது 40 அடி, 2.23 ஏர் என்பது ஐந்தரை சென்ட் என்று நான்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினேன். திருத்திய நகலில் இரண்டு அளவுகளும் வந்தன, நான்கு கற்களின் புகைப்படமும் சேர்ந்து வந்தது. வெயிலில் நின்று அவ்வளவு நுணுக்கமாக அளந்த அதே மனிதர்கள் கணினியின் முன் உட்கார்ந்ததும் ஏன் இப்படி ஆகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. வரைபடம் கைக்கு வரும்வரை இரண்டாயிரமாவது பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் மூவாயிரம் வைத்திருந்தேன், அதனால்தான் திருத்தமே வந்தது.

வரைபடத்தின் வடிவமும் விலையை மாற்றும். சுவர் எடுக்க மட்டும் என்றால் ஒரு தாள் போதும். வங்கிக் கடனுக்கோ கட்டட அனுமதிக்கோ என்றால் அவர்கள் கேட்கும் விதத்தில் தர வேண்டும், முத்திரையோடு கூடுதல் நகல்கள் வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் முடியும். பிறகு கேட்டால் தனி வேலை, தனி விலை. பருவமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வாய்க்கால் கரையில் கால் வைக்க முடியாது; அப்போது வரச் சொன்னால் ஒரு நாள் வேலையை இரண்டு நாளாகக் கணக்கிடுவார்கள். தை பிறந்தால் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் அளவரைத் தேடுவார்கள், ஆள் கிடைப்பதே கடினம். நாங்கள் அளந்தது ஆவணியில். பேரம் பேச முடிந்ததற்கு அதுவும் காரணம்.

அரசு அளவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போனேன், ஆனால் வேறு வேலைக்கு. தனியார் நட்ட கல்லுக்குச் சட்டப்படி பெரிய மதிப்பு கிடையாது. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டத்தின்படி செல்லுபடியாவது அரசு அளவரின் அளவைதான். பட்டா உட்பிரிவும் அவர் கையால்தான் ஆக வேண்டும். உட்பிரிவுக் கட்டணம் கிராமப்புறத்தில் 400 ரூபாய், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் கட்டணம் 60. எல்லையை அளந்து காட்டச் சொல்லி மனுப் போடவும் இப்போது வட்ட அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம். 2023 நவம்பரிலிருந்து இணையத்திலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். தொகை தனியார் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டு வருகிறார்கள் என்பதால் அந்த அளவுக்குக் கனமும் அதிகம். குறை என்னவென்றால் நாள் நம் கையில் இல்லை. அவருக்கு ஒரு வட்டமே வேலை. கொத்தனார் ஆள் கட்டி, செங்கல் இறக்கி, காத்திருக்கிற நேரத்தில் அந்த வழி உதவாது.

தகராறு ஏற்கெனவே முற்றிவிட்ட இடத்தில், பக்கத்துக்காரர் பேசவே மாட்டேன் என்கிற இடத்தில், தனியாருக்குச் செலவழிக்காதீர்கள். அவர் தாளை எதிராளி மதிக்க மாட்டார். நேராக அரசு அளவைக்கு மனுக் கொடுங்கள். பேசித் தீர்க்கிற உறவு இருக்கிறது, சுவர் எடுக்க அவசரம் இருக்கிறது என்றால் தனியார் நல்லது. எங்கள் உட்பிரிவுக்கு அரசு அளவர் வந்தபோது நட்டிருந்த நான்கு கற்களையும் பார்த்தார். தம் அளவைப் போட்டுப் பார்த்தார். ஒரு மூலையில் விரற்கடை வித்தியாசம் வந்தது. கல்லை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மூலைக்குப் போனார். அந்தத் தம்பிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் நான் எழுதித் தர முடியாது.

அழைப்பதற்கு முன் வீட்டில் தேட வேண்டியவை: தாய்ப்பத்திரம் உட்படப் பத்திர நகல்கள், மனைப்பிரிவு வரைபடம், பட்டா. புலப்படத்தை அரசின் இணையதளத்தில் நாமே இறக்கிக்கொள்ளலாம். எல்லையில் வாய்க்காலோ பாதையோ இருந்தால் அடுத்த புலத்தின் படமும் வேண்டும், இல்லாவிட்டால் புறம்போக்கு எங்கே முடிகிறது என்று தெரியாது. எங்கள் மனைப்பிரிவு வரைபடம் என்னிடம் தெளிவாக இல்லை, மடிப்பில் கிழிந்திருந்தது. நான்காவது தெருவில் ஒருவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார். அதைப் படம் எடுத்து அனுப்பினேன். இல்லாதிருந்தால் சாலைகளை ஒவ்வொன்றாகத் தரையில் அளந்து மனைப்பிரிவை மறுபடி வரைந்தெடுக்க வேண்டும், அதற்கு இன்னொரு 4,000 என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

போன மாதம் மேற்குப் பக்கத்து மனையை வாங்கியவர் அதே தம்பியை அழைத்திருக்கிறார். அவருக்குச் சொன்ன கூலி 4,500. என் கற்கள் இரண்டு அவருக்கும் பொதுவான மூலைகள், தாய்ப்புலம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, தேட வேண்டிய வேலை இல்லை. அப்படியானால் நான் கொடுத்த 9,500இல் எனக்கு ஏதாவது கழிவு உண்டா என்று தம்பியிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “அவர் பக்கத்துக் கல் இரண்டையும் நட்டதும் உங்கள் சுவருக்கு மேற்குக் கோட்டை இலவசமாகச் சரிபார்த்துத் தருகிறேன் அம்மா” என்றார். அதை ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டேன்.